மாமினி தலையைப் பிடித்துக்கொள்ளும் விதம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் ஒரு புதுத் தொல்லை. மூன்றாம் ஆண்டு நர்சிங்கில் இருக்கிற பாடமே மூச்சு முட்டுகிறது. அது போதாதென்று ஆறு வாரத்துக்கு ஒரு சிறப்பு வகுப்பு: ‘புலம்பெயர்ந்து வந்தவர்களைப் பராமரித்தல்’. அதாவது வடக்கன்களை எப்படிக் கொஞ்ச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தரப் போகிறார்களாம்.

எடுப்பது ஜெபசெல்வி மேடம். நாகர்கோவில்காரர், பல வருஷம் சவுதியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். ‘வெளிமாநிலத்தவர் நோயைக் கொண்டு வருகிறார்கள்’, ‘அவர்கள் வலியை மிகைப்படுத்துகிறார்கள்’ என்று வரிசையாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், இரண்டில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாமாம். நான் எல்லாவற்றையும் மறுத்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்ப நான் என்ன இளிச்சவாயா? என் ரூம்மேட் ஓவியா ஒரு லூசு, மனதில் இருப்பதை அப்படியே டிக் அடித்து வைத்தாள்.

மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு வாரம் கழிச்சு இதே தாளைத் தருவேன் பிள்ளையளா. அப்போ பாப்போம், யாரு மாறியிருக்கீங்கன்னு” என்றார்.

நாங்கள் மாற வேண்டுமாம். பிரசவ வார்டில் ஜன்னல் ஓரம் இருக்கும் மூன்று கட்டில்களுக்கு நாங்கள் ‘ஸ்டேஷன்’ என்று பேர் வைத்திருக்கிறோம். ரயிலேறி வந்து மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் வடக்குப் பெண்களை அங்கேதான் போடுவார்கள். காலையில் வார்டுப் பொறுப்பு பாக்கியம் சிஸ்டர் யாருக்கு எந்தக் கட்டில் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் நாங்கள் எங்களுக்குள் மாற்றிக்கொள்வோம். ஸ்டேஷன் விழுந்தவள் ஒரு வாரம் மற்றவளின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுத்தால் தப்பிக்கலாம். நான் வரைந்து வரைந்தே தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. மகப்பேறு பாடத்தில் இன்டர்னல் மார்க் படுமோசம். இந்தத் தடவையும் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டியதுதான். தாராபுரத்தில் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் “என்ற புள்ள நர்ஸு” என்று சொல்லிவிட்டது. மானம் போய்விடும்.

பிப்ரவரி 5, புதன்

வகுப்பில் இன்று நாடகம். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி மொழி தெரியாத நோயாளி. என் முறை வந்தபோது ஹான்ஸ் புகையிலை போடுகிற ஆள் மாதிரி வாயைக் குதப்பிக்கொண்டு, “கியா கியா” என்று கத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். வகுப்பே கிடந்து சிரித்தது. ஓவியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

“சங்கவி, நீ கேலி பண்ணுதே. அது எனக்குப் பிடிக்கல. ஆனா உனக்கு ஒடம்பு வளையுது மக்ளே, குரல் மாறுது. அத நல்லதுக்குத் திருப்பணும்.”

22ஆம் தேதி கோயம்புத்தூரில் நர்சிங் கல்லூரிகளுக்கு நாடகப் போட்டி. தலைப்பும் இதேதான். ஒரு ஆள் தனியாக நடிக்கலாம். ஜெயித்தால் மகப்பேறு இன்டர்னல் முழுசாகப் போடுவதாகப் பிரின்சிபாலே சொல்லியிருக்கிறாராம். எனக்குக் கண்ணில் விளக்கு எரிந்தது.

ஒரே ஒரு கண்டிப்பு. “வார்டுல படுத்துக் கிடக்கிற எந்த நோயாளியையும் மேடைக்குத் தூக்கிட்டுப் போகப்பிடாது. அவங்க வலி அவங்களுக்குச் சொந்தம். போட்டி விதியிலயும் இருக்கு, கேட்டியா? தெரிஞ்சா வெளிய போட்டுருவாங்க.”

சரிங் மேடம், சரிங் மேடம் என்று தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒத்திகை. மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும், “சத்தம் இருக்கு. ஆளு இல்ல” என்றார்.

ஆள் இல்லையாம். நான் என்ன ஆளை வாடகைக்கா எடுக்க முடியும்? அப்புறம் சவுதிக் கதை. அங்கே இவருக்கு வயிற்று வலி வந்தபோது அரபி தெரியாமல் தவித்தாராம், அந்த ஊர் நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். மூன்றாவது தடவை கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கண் கலங்குகிறது. எனக்குக் கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்னும் ஆள் வரவில்லை. கண்ணாடி முன்னால் அழுது அழுது மூஞ்சி வலிக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

ஆள் வந்துவிட்டாள்.

ஸ்டேஷனில் ஓரக் கட்டில். பெயர் மாமினி. ஒடிசாக்காரி, நூல் மில்லில் வேலை. வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நேற்று பெண் குழந்தை. கட்டில் ஓவியாவுக்கு விழுந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கெஞ்சத் தொடங்குமுன் நானே, “எனக்குக் குடுடி” என்றேன்.

“உனக்கென்னடி ஆச்சு? காய்ச்சலா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னால் ஜெபசெல்வி மேடம் நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. கட்டில் மாற்றிக்கொள்கிற திருட்டுத்தனம் அவருக்கு முன்பே தெரியும்போல. திட்டப் போகிறார் என்று பார்த்தால் என் தோளில் கையை வைத்தார். கண் நிறைந்துவிட்டது மனுஷிக்கு. “இவ கேட்டு வாங்குதா, பாத்தியளா. இதுக்குத்தான் நான் வகுப்பு எடுக்கேன்” என்று பாக்கியம் சிஸ்டரிடம் சொன்னார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

மாமினியின் வீட்டுக்காரன் தபன். ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறான். மில்லில் பழகியதில் கொஞ்சம் தமிழ் பேசுகிறான். என்னை ‘தீதி’ என்கிறான். அக்கா என்று அர்த்தமாம்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று முழுக்க ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மாமினியின் கட்டில் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நுணுக்கம்! அழவே மாட்டேன் என்கிறாள். நான் கண்ணாடி முன்னால் அழுததெல்லாம் வீண்.

தலையைப் பிடித்துக்கொள்ளும் விதத்தை எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. உள்ளங்கையால் இல்லை. விரல் நுனிகளால் நெற்றிப் பொட்டை அழுத்துகிறாள், பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்டுவதுபோல. பிறகு கையை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் விலக்குகிறாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒட்டடையை விலக்குவது மாதிரி திரும்பத் திரும்ப விலக்குகிறாள். அப்புறம் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு குனிகிறாள். வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்குகிறாள்.

இடையில் பிபி பார்க்கிற நேரம் வந்தது. கருவியை ஓவியா அந்தக் கோடியில் வைத்திருந்தாள். எழுந்து போனால் மாமினி என்ன செய்கிறாள் என்பதை விட்டுவிடுவேன். காலையில் இருந்த அளவையே சார்ட்டில் போட்டேன். எல்லோரும் போடுவதுதான். சீனியர்கள் சொல்லிக் கொடுத்ததே இதுதான்.

தபன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தீதி, அவ தலை வலி சொல்றா. ரொம்ப சொல்றா. டாக்டர் சொல்லுங்க” என்றான்.

“சரி சரி, சொல்றேன்” என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டார். பாக்கியம் சிஸ்டரிடம் சொன்னால், “இதுகளுக்கு எப்பவும் ஒரு நோவுதான்” என்பார். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால் நாளைக்கு நான் யாரைப் பார்ப்பது?

பிப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் ஒத்திகை. மாமினி செய்வதையெல்லாம் அப்படியே செய்தேன். நடுவில் மேடம் நாற்காலியை நேராகத் திருப்பிக்கொண்டார். முடிந்ததும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“எங்கேயிருந்து மக்ளே புடிச்ச இத?”

“நானே யோசிச்சதுங் மேடம். உங்க சவுதிக் கதையை நெனச்சுப் பாத்தேன்.”

கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் உயர்ந்த ரகம். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். இடது கையால் விலக்கினால் முகம் மறைந்துவிடுகிறது, நடுவர்கள் உட்காரும் பக்கத்துக்கு வலது கைதான் சரி என்றார். மாற்றிக்கொண்டேன்.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை. ஓவியா மட்டும், “ஏண்டி, இது அந்த ஒடிசாக்காரி தானே?” என்று காதருகே வந்து கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இரு, நீ கேட்கிற படமெல்லாம் வரைந்து தருகிறேன் என்றேன். சரி என்றுவிட்டாள்.

சாயங்காலம் போனபோது மாமினி வாந்தி எடுத்திருந்தாள். முகம் ஊதி, வளையல் கையில் இறுகிப் பதிந்திருந்தது. என் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. இந்த வார்டில் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நம்பிவிட்டாள் போலிருக்கிறது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கோட்டை விடுவிக்க வேண்டியிருந்தது.

நாளை போட்டி முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

ஊதிய முகத்துக்கு வாய்க்குள் பஞ்சு வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

முதல் பரிசு.

வேனில் வந்துகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, ரோடு அப்படி.

பதினோரு மணி வாக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு போர்வை, என் கன்னங்களுக்குள் பஞ்சு, அவ்வளவுதான். விரல் நுனியால் நெற்றியை அழுத்தினேன். ஒட்டடையை விலக்கினேன். குனிந்தேன். அங்கே இல்லாத ஒருத்தியின் கோட்டைப் பிடித்தேன். அவள் என் விரல்களைப் பிரிக்கிறாள் என்று நானே நடித்தேன். அந்தக் கட்டத்தில் அரங்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உள்ளுக்குள் எனக்கு என்ன ஒரு குஷி!

முடிந்ததும் நடுவரில் ஒருவர் மைக்கை வாங்கினார். வயதான டாக்டரம்மா, பிரசவம் பார்க்கிறவர். கைதட்டவில்லை.

“இத எங்கம்மா பாத்த?”

“நானே கற்பனை பண்ணதுங் மேடம்.”

“ஏன் கேக்கறேன்னா, கொழந்த பொறந்த ரெண்டு மூணு நாள்ல ஒருத்திக்கு இப்படித் தலவலி, கண்ணு முன்னாடி பறக்கறது, வயித்து மேல வலி, மூஞ்சி வீக்கம்னு எல்லாம் சேந்து வந்தா, பிபி எகிறிக் கெடக்குதுன்னு அர்த்தம். ஃபிட்ஸ் வந்துரும். உயிர் போயிரும். நீ ஒண்ணு விடாமப் பண்றியே. உங்க வார்டுல நெசமாலுமே இப்படி யாராச்சும் இருந்தா சொல்லிரு சாமி. போட்டியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். உங்க மேடம் இப்பவே போன் பண்ணட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஜெபசெல்வி மேடம் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அந்தப் பாடம் எனக்குத் தெரியாதா? நாலாவது யூனிட். பரீட்சையில் வந்தால் அறிகுறிகளை வரிசையாக எழுதிவிடுவேன். ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, ஸ்டேஷனில் படுத்துக்கொண்டு முனகுவது வேறு. அப்படி இருந்தால் பாக்கியம் சிஸ்டருக்குத் தெரியாதா, டாக்டருக்குத் தெரியாதா? நான் மட்டும்தான் ஆளா? ஆமாம் என்று சொன்னால் அந்த நிமிடமே வெளியே போட்டுவிடுவார்கள். இன்டர்னல் போச்சு, ஒரு வருஷம் போச்சு, தாராபுரத்தில் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது.

“இல்லைங் மேடம். அப்படி யாரும் இல்லைங். முழுக்க முழுக்கக் கற்பனைதானுங்.”

டாக்டரம்மா சிரித்தார். “அப்படின்னா நீ பெரிய ஆளும்மா” என்றார். அதற்கப்புறம்தான் கைதட்டினார். மேடம் போனைப் பைக்குள் போட்டார்.

கேடயம் கனமாக இருக்கிறது. வழியில் அவிநாசியில் பிரின்சிபால் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஏனோ இறங்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நாங்கள் பிரியாணிக் கடையில் இருந்த நேரத்தில் மாமினிக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக. இன்று விடிகாலையில் இறந்துவிட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

ஓரக் கட்டிலில் புது விரிப்பு. ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியம் சிஸ்டரைத்தான் டாக்டர் கேட்டாராம். சிஸ்டர், “அதுகளுக்குப் பாஷையும் தெரியாது, ஒண்ணும் ஒழுங்காச் சொல்றதும் இல்லைங்க டாக்டர். கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லலீங்க” என்று சொன்னாராம். டாக்டரும் தலையை ஆட்டிக்கொண்டாராம். முடிந்தது.

ஓவியா ரூமை மாற்றிக்கொண்டாள். பக்கத்து ரூமில் காற்று நன்றாக வருகிறதாம். படமும் வேண்டாமாம். போகட்டும், எனக்கென்ன?

பிப்ரவரி 27, வியாழன்

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கேடயம் இருந்தது. பத்திரிகையில் எங்கள் இருவர் படமும் வந்திருந்தது: ‘மனப்பான்மையை மாற்றிய ஆசிரியை’.

“சங்கவி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார்.

நான் நின்றேன். பயமாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது? கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

மேடம் என்னைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். அதை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

“ஒண்ணும் இல்ல. நீ போ” என்றார். மக்ளே என்று சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆறு வாரம் முடிந்தது. அதே தாளை மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை எல்லோரும் எல்லாவற்றையும் மறுத்தார்கள். ஓவியாகூட. வகுப்பு மாபெரும் வெற்றி, இனி எல்லாக் கல்லூரிக்கும் கொண்டுபோகப் போகிறோம் என்று பிரின்சிபால் அறிவித்தார். எனக்கு மகப்பேறு இன்டர்னல் முழு மார்க். மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இன்று ஸ்டேஷனில் இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் ஒருத்தி எனக்கு விழுந்தாள். மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆஸ்பத்திரியின் புறநோயாளி ஹாலில் என் நாடகத்தை மறுபடி போட்டார்கள். மில்களிலிருந்து வடக்குத் தொழிலாளிகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். ‘உங்கள் வலி எங்களுக்குப் புரியும்’ என்று இந்தியிலும் எழுதி ஒரு பேனர். ஆளுக்கொரு லட்டு. ஜெபசெல்வி மேடத்துக்கு உடம்புக்கு முடியவில்லையாம், வரவில்லை.

நான் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தேன். நெற்றியை அழுத்தி, ஒட்டடையை விலக்கும்போது பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். கையில் குழந்தை. தபன்.

நிறுத்தவில்லை, நிறுத்தினால் எல்லோரும் கேட்பார்கள். குனிந்தேன். கோட்டைப் பிடித்தேன். விரல்களைப் பிரித்தேன். அவன் உட்காரவே இல்லை, கடைசி வரை நின்றுகொண்டே பார்த்தான். கத்துவான், மேடைக்கு ஓடி வருவான் என்று நினைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டியிருப்பானோ என்னவோ, கையில் குழந்தை இருந்தது.

லட்டு கொடுக்கும் இடத்தில் என்னிடம் வந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“தீதி, நீ எல்லாம் பாத்த” என்றான். “எல்லாம் நல்லா பாத்த.”

கோபத்தில் சொல்கிறானா, நன்றி சொல்கிறானா? அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? லட்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒண்ணு தப்பு” என்றான். குழந்தையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையைத் தன் முகத்துக்கு முன்னால் தூக்கி, இல்லாத ஒட்டடையை மெதுவாக விலக்கிக் காட்டினான். “இந்தக் கை. அந்தக் கையில பாப்பா இருந்துச்சு.”

அப்புறம் பஸ்ஸுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அடுத்த மாதம் சேலத்தில் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். இடது கையாலேயே செய்துவிடலாம். வலது கையில் வைத்துக்கொள்ள குழந்தைப் பொம்மை ஒன்று வேண்டும். பிரசவ லேபில் இருக்கிறது, திங்கட்கிழமை கேட்டு வாங்க வேண்டும்.